உள்ளிருந்து திறத்தல், பிரிவு பதினேழு

ஹென்னிங் யெப்சனுக்குக் கல்யாணம் பதினொன்றரை மணிக்கு. கார் சோதனை ஒன்பது பத்துக்கு. நடுவில் இரண்டு மணி இருபது நிமிடம் இருக்கிறது, நிதானமாக ஒரு காபிகூடக் குடித்துவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான்.

கல்யாணத்தன்று காரைச் சோதனைக்குக் கொண்டு போகிறவன் யாராவது உண்டா என்று கேட்கலாம். டைக்ஹூசன் என்ற இந்தக் கடலோர ஊரில் உண்டு. நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த வட்டச் சோதனை வில்லையின் கெடு ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இது மே மாதம். கெடு முடிந்த வில்லையோடு பதிவாளர் அலுவலக வாசலில் வந்து இறங்கமாட்டேன் என்று மணப்பெண் வீப்கே சொல்லிவிட்டாள். அவள் நிலப்பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள்.

"யாராவது பாத்துட்டா?" என்றாள்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஹென்னிங் கேட்கவில்லை. அவனும் அதே ஊர்க்காரன்தான். வேறு யாருடைய கல்யாணமாக இருந்தாலும் அவனே குனிந்து பார்த்திருப்பான்.

வியாழக்கிழமை தேவாலய விடுமுறை. அடுத்து சனியும் ஞாயிறும். நடுவில் அகப்பட்ட அன்றைய வெள்ளிக்கும் பாதி ஊர் லீவு போட்டுவிட்டு டென்மார்க் பக்கம் கிளம்பியிருந்தது. சோதனை நிலையத்தில் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர். நிலையத் தலைவி லூடர்ஸ், சோதகர் ப்ரோடர்சன். வாசலில் ஒரு பெரிய பலகை. 'இந்நிலையத்தில் விபத்து இல்லாத நாட்கள்: 3,997.'

விளக்குகள் எரிந்தன. பிரேக் பிடித்தது. புகையைக்கூட ப்ரோடர்சன் முகர்ந்து பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல புகை என்று குறித்துக்கொண்டார். பிறகு காருக்குள்ளிருந்து ஒரு கேபிளை இழுத்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் செருகினார். கையேட்டில் ஒரு பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தார்.

"பிரிவு பதினேழு. இந்த வருஷம் புதுசு. டிக்கியை உள்ளேயிருந்து திறக்க முடியுதான்னு பாக்கணும். ஏறுங்க சார்."

"நானா?"

"பின்ன நானா? நாங்க ஏறக்கூடாது. குறுகலான இடத்துல ஊழியர் இறங்கணும்னா ஹெல்மெட் வேணும், இடுப்புல கயிறு வேணும், அந்தக் கயித்தை வெளிய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். எங்க சங்கம் ஏழு வருஷம் போராடி வாங்கின உரிமை."

"எனக்கு?"

ப்ரோடர்சன் கையேட்டை முன்னும் பின்னும் நேர்மையாகவே புரட்டினார். "வாடிக்கையாளருக்குன்னு எதுவும் போடல. உங்களுக்கு எந்தப் பாதுகாப்பு விதியும் கிடையாது. அதனால நீங்க தாராளமா ஏறலாம்."

ஹென்னிங் கருநீலக் கல்யாணக் கோட்டு போட்டிருந்தான். கோட்டுப் பையில் ஒரு சிறிய வெள்ளைப் பூ. அவனை எடைமேடையில் நிற்க வைத்து எண்பத்து நாலு என்று எழுதிக்கொண்டார் ப்ரோடர்சன். பிறகு ஹென்னிங் தன் சொந்தக் காரின் டிக்கிக்குள், முழங்காலை முகவாய்க்குப் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டில் படுத்துக்கொண்டான். மூடி இறங்கியது.

உள்ளே இருட்டு. அந்த இருட்டில் பச்சையாக ஒரு கைப்பிடி மினுங்கியது. பத்து வருடமாக இந்தக் காரை ஓட்டுகிறான், இப்படி ஒன்று ராப்பகலாகத் தனக்குப் பின்னால் மினுங்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. யாருமே பார்க்காத இடத்தில் யாருக்காகவோ எரிந்துகொண்டிருக்கும் விளக்கு. அவனுக்கு அது கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது. கையை நீட்டி இழுத்தான்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"இழுத்தீங்களா?" ப்ரோடர்சனின் குரல் தகரத்துக்கு அப்பாலிருந்து வந்தது.

"இழுத்தேன். பிஞ்சு கையோட வந்துருச்சு."

"எந்தக் கையோட? வலதா, இடதா? இங்க ஒரு கட்டம் இருக்கு."

"வலது. சார், கொஞ்சம் வெளியிலேருந்து திறங்களேன்."

சற்று நேரம் பேனா ஓடும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"அது முடியாதே சார்," என்றார் ப்ரோடர்சன். "நான் மேடத்தைக் கூட்டிட்டு வர்றேன்."

லூடர்ஸ் வந்தார். குதிகால் செருப்பின் சத்தத்திலேயே அவர் முடிவெடுக்கக்கூடியவர் என்று தெரிந்தது. டிக்கியின் மூடிக்கு அரையடி தூரத்தில் நின்று, மேடையில் பேசுவதுபோல் தொண்டையைச் செருமினார்.

"மொய்ன், வணக்கம் யெப்சன் சார். உங்க நிலைமை எங்களுக்கு நல்லாப் புரியுது. நான் விளக்கமாச் சொல்றேன், நீங்க நிதானமாக் கேளுங்க. உங்க கார்ல ஒரு கேபிள் மாட்டியிருக்கு. மூடி திறந்தா கம்ப்யூட்டர்ல 'திறந்தது'ன்னு விழும். யார் திறந்தா, எந்தப் பக்கத்துலேருந்து திறந்தான்னு அதுக்குத் தெரியாது. இப்ப நான் வெளியிலேருந்து பட்டனை அமுக்கினா, உங்க கார் பாஸ் ஆயிடும்."

"ஆகட்டுமே மேடம்!"

குதிகால் செருப்பு ஓரடி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"உள்ளேயிருந்து திறக்க முடியாத ஒரு டிக்கிக்கு நான் பாஸ் குடுக்கணும்னு சொல்றீங்களா?" லூடர்ஸின் குரல் தாழ்ந்திருந்தது, உண்மையாகவே வருத்தப்பட்டிருந்தார். "நாளைக்கு ஒரு மனுஷன் அதுக்குள்ள மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"நான் மாட்டிக்கிட்டிருக்கேன். இப்பவே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். ரொம்ப ஆபத்தான கார்."

ஹென்னிங் மூச்சை இழுத்து விட்டான். "சரி. ஃபெயில்னு போடுங்க. நானே கேட்டுக்கறேன். ஃபெயில்னு எழுதிட்டுத் திறங்க."

"ஃபெயில்னு போட இழுத்தவர் கையெழுத்துப் போடணும்," என்றார் ப்ரோடர்சன். "சோதகர் கண்ணுக்கு முன்னாடி. உங்களை நான் பாக்கவே முடியலையே சார்."

"அந்தக் கேபிளையாவது கழட்டுங்க."

"சோதனை நடக்கும்போது கேபிளைக் கழட்ட ரெண்டு அதிகாரி கையெழுத்து வேணும்," என்றார் லூடர்ஸ். "ஒண்ணு நான். இன்னொருத்தர் லீவுல இருக்கார். தீவுல கூடாரம் போட்டிருக்காராம். போனை அணைச்சு வெச்சிருக்கார். அது அவரோட உரிமை."

கையெழுத்துக்கு ஒரு வழி இருந்தது. ஹென்னிங்கின் காரில் பின்சீட்டுக்கு நடுவே, பனிச்சறுக்குக் கட்டைகளை நீட்டி வைப்பதற்காக, டிக்கிக்குள் திறக்கும் ஒரு சின்னக் கதவு உண்டு. ஒரு கை நுழையும். ப்ரோடர்சன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அதன் வழியாகப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். ஒரு கோடு வெளிச்சமும் அவர் சாப்பிட்டிருந்த மீன் ரொட்டியின் வாசனையும் கூடவே வந்தன. படிவத்தை வாங்கிக்கொள்ள ப்ரோடர்சன் கையால் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் ஹென்னிங் இருட்டில்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தன் காலிலேயே படிவத்தை வைத்துப் போட்டான்.

ப்ரோடர்சன் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அடடா. கடைசி எழுத்தோட வால் பக்கத்துக் கட்டத்துக்குள்ள போயிருச்சு சார். அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும்னு இருக்கிற கட்டம்."

"இன்னொரு படிவம் குடுங்க!"

"ஒரு காருக்கு ஒரு படிவம்," என்றார் ப்ரோடர்சன். இப்படியொரு எளிய விஷயம் இந்த வயதிலும் தெரியாமல் இருக்கிறதே என்று நினைத்தவர்போல் சின்னக் கதவை மெல்லச் சாத்தினார்.

பின்னால் ஹாரன் அடித்தது. அடுத்த வாடிக்கையாளர், கேரவன் வண்டி வைத்திருக்கும் ஒரு ஓய்வு பெற்ற மனிதர், இறங்கி வந்துவிட்டார்.

"என்னோட நேரம் ஒன்பது முப்பத்தஞ்சு. இப்ப மணி பத்தாகப் போகுது."

"உள்ள ஒருத்தர் இருக்கார்," என்றார் ப்ரோடர்சன்.

மனிதர் குனிந்து டிக்கியைப் பார்த்துப் பேசினார். "இந்தா பாருப்பா, மத்தவங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாக்கணும். நாங்களும் ஆறு வாரம் காத்திருந்துதான் நேரம் வாங்கியிருக்கோம். நீ பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டா?"

"மன்னிச்சுக்குங்க," என்றான் ஹென்னிங். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

காரைத் தள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் நிறுத்தினார்கள். கேபிள் பெட்டி காரின் கூரைமேல் ஏறியது. சோதனை முடியாத வண்டியை வெளியே விடுவதானால் முத்திரைத் தாள் ஒட்டவேண்டும் என்று விதி. ப்ரோடர்சன் நாக்கால் ஈரப்படுத்தி, பட்டனுக்கு மேலே, மூடிக்கும் காரின் உடம்புக்கும் குறுக்கே ஒட்டினார். கிழித்தால் சிறை என்று அதிலேயே அச்சடித்திருந்தது. முற்றத்தில் நிழல் இல்லை. வடகடல் ஓரத்து மே மாதத்தில் வெயில் அடிப்பதே அபூர்வம், அன்று அடித்தது. டிக்கியின் தகரம் மெதுவாகச் சூடேறி, இஸ்திரிப் பெட்டி வாசனை அடித்தது. கோட்டுக்குள் வியர்வை முதுகில் இறங்கியது.

"மேடம், கொஞ்சம் தண்ணி குடுங்க. அந்தச் சின்னக் கதவு வழியா."

"உங்க எடை எண்பத்து நாலுன்னு பதிவாகியிருக்கு," என்றார் லூடர்ஸ். "தண்ணி குடிச்சா மாறிடுமே."

"தீயணைப்பு வண்டியையாவது கூப்பிடுங்க!"

லூடர்ஸ் பெருமூச்சு விட்டார். ப்ரோடர்சன் தூரப் போகும்வரை காத்திருந்து, மூடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய மூச்சு தகரத்தில் படுவது ஹென்னிங்குக்குக் கேட்டது.

"யெப்சன் சார், மனசு விட்டுச் சொல்றேன். தீயணைப்பு வண்டி வந்தா இது விபத்து ஆயிடும். இது விபத்து இல்ல, சோதனை. எங்க வேலை பாதுகாப்பு. ஆளைக் காப்பாத்துறது வேற இலாகா. பதினோரு வருஷமா இந்த நிலையத்துல ஒரு விபத்து நடந்ததில்ல. ஏன் தெரியுமா? நடந்த எதையும் நாங்க அவசரப்பட்டு விபத்துன்னு சொல்லிடறதில்ல. வர்ற திங்கக்கிழமை நாலாயிரமாவது நாள். தலைநகரத்துலேருந்து செயலர் வர்றாங்க. கேக்குக்குச் சொல்லியாச்சு. கேக் மேல நம்பர்கூட எழுதியாச்சு சார். ஒரு தனி மனுஷனோட வசதிக்காக அதை நான் மூணுன்னு மாத்தி எழுதச் சொல்லணுமா?"

ஹென்னிங் புரண்டு படுக்கப் பார்த்தான். இருட்டில் தலைக்கு மேலே கையை நகர்த்தியபோது இரண்டு சின்னக் குமிழ்கள் தட்டுப்பட்டன. அவனுக்குத் தெரிந்த குமிழ்கள்தான். இழுத்தால் பின்சீட்டின் முதுகு முன்னால் மடிந்துவிடும். நீளமான சாமான் ஏற்றும்போது எத்தனையோ தடவை இழுத்திருக்கிறான். ஆனால் கேள்வி மூடியைப் பற்றியது. சீட்டு வழியாக வெளியே வருவது பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதுபோல் அவனுக்குப் பட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

பத்து ஐம்பதுக்கு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. வீப்கே வந்திருந்தாள். பாலாடை நிறக் கல்யாண உடை. அதன் ஓரம் சங்கிலியில் சிக்காமல் இருக்க இரண்டு துணிக் கிளிப் போட்டிருந்தாள்.

"ஹென்னிங்? உள்ளயா இருக்க?"

"ஆமா."

"கோட்டு?"

"போட்டிருக்கேன்."

"கசங்கிடுச்சா?"

"வீப்கே, நம்பர் பிளேட்டுக்கு மேல பட்டன் இருக்கு. ஒரு விரலால அமுக்கு. ஒரே ஒரு விரல். திறந்ததும் ரெண்டு பேரும் ஓடிடலாம். பதிவாளர் ஆபீஸ் அஞ்சு நிமிஷ நடை."

அவள் கை மூடியின்மேல் நகர்ந்தது. நகம் தகரத்தில் உரசும் சத்தம் பட்டனுக்குப் பக்கம் வந்து நின்றது.

"முத்திரை ஒட்டியிருக்கு," என்றாள்.

"கிழி."

"ஹென்னிங்!" ஒரு குழந்தையைக் கிணற்றில் தள்ளச் சொன்னதுபோல் இருந்தது அவள் குரல். "நானே பத்தொன்பது வருஷமா முத்திரை ஒட்டுறவ. நான் போய்க் கிழிக்கிறதா? என் வேலை என்ன ஆகும்? பென்ஷன் என்ன ஆகும்? இவ்வளவு நாளா என்னைப் பத்தி நீ இதைத்தான் புரிஞ்சுக்கிட்டியா?"

"எனக்கு மூச்சு முட்டுது வீப்கே."

"எனக்கும்தான் முட்டுது. இந்த உடையில இடுப்பு எவ்வளவு இறுக்கம் தெரியுமா?" என்றவள் குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சினாள். உள்ளங்கையை மூடியின்மேல் விரித்து வைத்தாள். உள்ளே ஹென்னிங்கும் அந்த இடத்தைத் தேடித் தன் உள்ளங்கையை வைத்தான். நடுவில் சூடான தகரம். நல்ல மனுஷிதான் அவள். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார்கள்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். பதிவாளருக்குப் போன் செய்தாள். பதினொன்றரைக்கு வராவிட்டால் நேரம் ரத்து, அடுத்த காலி நேரம் அக்டோபரில் என்று பதிவாளர் சொன்னார். வீப்கே அலுவலக பாஷையில் வாதாடினாள். விதிப் புத்தகத்தில் ஒரு விலக்கு இருந்தது. மணமக்களில் ஒருவர், அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தால், வெளியே வரமுடியாதபடி வைக்கப்பட்டிருந்தால், அவர் அங்கே இருக்கும் காலம் முழுவதும் அந்த நேரத்தை நிறுத்தி வைக்கலாம். சிறைக் கைதிகளுக்காக எழுதிய விதி. ஆனால் டிக்கி கூடாது என்று அதில் இல்லை.

"அத்தாட்சி அனுப்புங்க," என்றார் பதிவாளர்.

லூடர்ஸ் சந்தோஷமாக அத்தாட்சி எழுதினார். அந்தக் காலை நேரத்தில் அவரால் செய்ய முடிந்த முதல் உதவி அது. 'ஹென்னிங் யெப்சன், தன் விருப்பத்தின்பேரில் நுழைந்து, தற்சமயம் டிக்கிக்குள் இருக்கிறார். சோதனை நடைபெறுகிறது.' சாட்சியாக வீப்கே கையெழுத்துப் போட்டாள். ஒரு வாலும் கட்டத்துக்கு வெளியே போகவில்லை. ப்ரோடர்சன் அதைப் பார்த்து, "என்ன அழகான கையெழுத்து மேடம்," என்று மனம்விட்டுப் பாராட்டினார். படம் எடுத்து அனுப்பினார்கள். பதினொன்று இருபத்தாறுக்குப் பதில் வந்தது. நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது.

"ஹென்னிங்! கிடைச்சிருச்சு!" வீப்கே மூடியைத் தட்டினாள். "இனி அவசரமே இல்ல!"

"ஆமா," என்றார் லூடர்ஸ். "ரெண்டாவது அதிகாரி திங்கக்கிழமை காலையில ஏழரைக்கே வந்துடுவார். விழா முடிஞ்ச கையோட கேபிளைக் கழட்டிடலாம். உங்களுக்கும் ஒரு துண்டு கேக் எடுத்து வைக்கச் சொல்றேன் சார்."

திங்கட்கிழமை. ஹென்னிங் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். வெள்ளி, சனி, ஞாயிறு. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, சின்ன வயதிலிருந்து வரிசையில் நின்று பழகிய ஒன்று, முதல்முறையாக வரிசையைவிட்டு விலகியது. இரண்டு குமிழ்களையும் சேர்த்து இழுத்தான்.

சீட்டின் முதுகு முன்னால் சாய்ந்தது. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பின்சீட்டில் தவழ்ந்து, கதவைத் திறந்து, முற்றத்துச் சரளைக்கல்லில் முழங்கால் ஊன்றி விழுந்தான். எழுந்து நின்றான். கோட்டு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. முகம் வேகவைத்த இறால்போல் சிவந்திருந்தது. கடற்காற்றை வாய் நிறைய இழுத்தான்.

யாரும் கை தட்டவில்லை.

லூடர்ஸ் டிக்கியைப் பார்த்தார். மூடி மூடியே இருந்தது. முத்திரை கிழியவில்லை. கூரைமேல் இருந்த பெட்டியில் 'சோதனை நடைபெறுகிறது' என்ற எழுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"இவர் உள்ள இருக்கார் மேடம்," என்றார் ப்ரோடர்சன், ஹென்னிங்கை விரலால் காட்டி.

"தெரியுது," என்றார் லூடர்ஸ். ஹென்னிங்கின் பக்கம் திரும்பி, தன் வீட்டுக் கம்பளத்தில் சேற்றுக்காலை வைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உங்ககிட்டேருந்து நான் இதை எதிர்பாக்கல."

"வா வீப்கே, ஓடலாம்," என்றான் ஹென்னிங்.

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. பதிவாளர்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "சும்மா உறுதிப்படுத்திக்கத்தான் கூப்பிட்டேன் மேடம். மணி பதினொண்ணு அம்பத்து ரெண்டு. மாப்பிள்ளை இன்னும் உள்ளதான இருக்கார்?"

வீப்கே போனை உள்ளங்கையால் பொத்தினாள்.

"நீ வெளிய வந்துட்டன்னு சொன்னா விலக்கு போயிடும். பதினொன்றரை எப்பவோ தாண்டியாச்சு. அக்டோபர்தான்."

"உள்ள இருந்தா?"

"நேரம் அப்படியே நம்ம பேர்ல இருக்கும்."

"ஆனா நான் உள்ள இருந்தா கல்யாணம் எப்படி..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம் ஹென்னிங். மொதல்ல நேரத்தைக் காப்பாத்துவோம்."

ஹென்னிங் யோசித்தான். முற்றத்தின் வேலிக்கு அப்பால் தெரு காலியாகக் கிடந்தது. ஐந்து நிமிட நடை. இன்னும் வேகமாக ஓடினால் மூன்று நிமிடம். ஓடிப்போய் எந்த நேரத்துக்கு நிற்பது? எவ்வளவு யோசித்தும் வீப்கே சொன்னதில் அவனால் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த ஊரில் பிறந்தானோ அந்த ஊரின் தலை அவனுக்கு இருந்தது.

"ஹலோ?" என்றார் பதிவாளர்.

வீப்கே கையை எடுத்தாள். ஹென்னிங்கின் கண்களை நேராகப் பார்த்தாள். கை நீட்டி அவன் கோட்டுப் பையில் நசுங்கியிருந்த பூவை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆமா சார்," என்றாள். "உள்ளதான் இருக்கார்."

ஹென்னிங் தலையசைத்தான். காரின் பின்கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, முதலில் ஒரு காலையும் பிறகு இன்னொரு காலையும் மடித்து, வந்த வழியே உள்ளே போனான். கோட்டின் பின்பக்கம் மடிந்துவிடாதபடி வீப்கே பிடித்துக் கொடுத்தாள். ப்ரோடர்சன் சீட்டின் முதுகை நிமிர்த்தி, பூட்டு விழும்வரை இரண்டு கையாலும் அழுத்தினார்.

லூடர்ஸ் வீப்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் மேடம்," என்றார். "ரெண்டு பேருக்கும்."

"நன்றி," என்றாள் வீப்கே.

"நன்றி," என்றான் டிக்கிக்குள்ளிருந்து ஹென்னிங்கும்.